8 ஜிபி போதுமா, 16 ஜிபி வேண்டுமா: புதிய கேமிங் கணினிக்கான கிராபிக்ஸ் கார்டு

கேள்வி | 2025 செப்டம்பர் 6

புதிதாக ஒரு கேமிங் கணினி அமைக்கிறேன். ரைசன் 5 7600 பிராசஸர், பி650 மதர்போர்டு, 32 ஜிபி ராம், 1440பி (2560-க்கு 1440 புள்ளிகள்) 165 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 165 முறை படம் மாறும்) மானிட்டர் என்று மற்றதெல்லாம் முடிவாகிவிட்டது. கார்டில்தான் தயங்கி நிற்கிறேன். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபி போதும், 16 ஜிபி என்பது பெரிய எண்ணைக் காட்டி விற்கும் வேலை, இந்த வகைக் கார்டால் அவ்வளவு நினைவகத்தைப் பயன்படுத்தவே முடியாது என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். இரண்டிலும் சிப் ஒன்றே என்பதால் எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யும் பட்டியலில் இருக்கிறது. எதை எடுப்பது?

செப்டம்பர் 6, இரவு

சிப் ஒன்றே என்பது உண்மை. அதிலிருந்து உங்கள் நண்பர் எடுத்த முடிவுதான் தவறு. ஒரு விளையாட்டுக்குத் தேவையான தரவு 8 ஜிபி-க்குள் அடங்கும்வரை இரண்டு கார்டுகளுக்கும் வேறுபாடு தெரியாது. அந்த எல்லையைத் தாண்டிய கணத்தில் இரண்டும் வெவ்வேறு கார்டுகளாகிவிடும்.

காரணத்தை எண்களில் பார்க்கலாம். 5060 டிஐ-யின் சிப், தன் சொந்த நினைவகத்திலிருந்து விநாடிக்கு 448 ஜிபி வேகத்தில் தரவை எடுக்கிறது. அங்கே இடம் தீர்ந்தால் மிச்சம் கணினியின் ராமுக்குப் போகிறது. அதைத் திரும்பக் கொண்டுவர இருக்கும் ஒரே வழி, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு. இந்தக் கார்டுக்கு 8 லேன்கள் (தரவு ஓடும் தடங்கள்) மட்டுமே உண்டு. பி650 போர்டுகளில் பெரும்பாலும் காணப்படும் நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் அந்த 8 லேன்கள் தருவது விநாடிக்கு ஏறத்தாழ 16 ஜிபி. அதாவது 448 இருந்த இடத்தில் 16. சிப் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் தரவு வந்து சேரும்வரை அது காத்துத்தான் கிடக்க வேண்டும்.

1440பி மானிட்டருக்கு 16 ஜிபி எடுங்கள். மற்றதை நாளை எழுதுகிறேன்.

செப்டம்பர் 7

நேற்று கணக்காக எழுதியதை நான் கண்ணால் பார்த்த விதத்தில் எழுதுகிறேன், ஏனெனில் இது வரைபடங்களில் சரியாகப் பிடிபடாத ஒரு குறை.

என்னிடம் இருந்த 8 ஜிபி கார்டில், பெரிய நகரம் ஒன்றில் நடக்கும் விளையாட்டை டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் போர்த்தும் படம்) அமைப்பை உச்சத்தில் வைத்து ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு கடையின் இரும்புக் கதவு முன்னால் நின்றேன். கதவின் மேல் எழுதியிருந்த எழுத்துகள் ஈரத் துணியால் துடைத்தது போல மங்கிக் கிடந்தன. அசையாமல் நின்றதும் எழுத்துகள் ஒவ்வொரு படியாகத் தெளிந்தன. தெருவின் மறுபுறம் திரும்பிவிட்டு மீண்டும் கதவைப் பார்த்தபோது அவை பழையபடி மங்கியிருந்தன. திரையின் மூலையில் ஓடிய அளவீட்டில் கார்டின் நினைவகம் 8 ஜிபி-க்குச் சற்றுக் கீழே அப்படியே நின்றிருக்க, ராமிலிருந்து கடனாக எடுக்கும் பகுதி மட்டும் ஏறிக்கொண்டே போனது. பிரேம் நேரத்தை (ஒவ்வொரு படமும் திரைக்கு வர ஆகும் நேரத்தை) காட்டும் கோட்டில் தெருமுனை திரும்பும்போதெல்லாம் ஒரு கூர்முனை எழுந்தது.

டெக்ஸ்சரை ஒரு படி குறைத்தேன். கூர்முனைகள் மறைந்துவிட்டன. கவனிக்க வேண்டியது, சராசரி பிரேம் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருந்ததுதான். டெக்ஸ்சர் அமைப்பு சிப்பைக் களைப்படையச் செய்வதில்லை. அது கேட்பது இடத்தை மட்டுமே. ஆகவே நடுத்தர வலுவுள்ள சிப் ஒன்று, போதிய நினைவகம் இருந்தால், நிழலையும் பிரதிபலிப்பையும் குறைத்துக்கொண்டு மிகத் தெளிவான டெக்ஸ்சர்களுடன் பல ஆண்டுகள் ஓடும். "இந்த வகைக் கார்டால் பயன்படுத்தவே முடியாது" என்ற வாதம் இங்கேதான் அடிபட்டுப்போகிறது.

செப்டம்பர் 7, மாலை

இரண்டு கார்டுகளின் சராசரியும் பல விளையாட்டுகளில் ஒன்றாக இருக்கிறதே என்று நண்பர் மறுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு விநாடியில் 54 பிரேம்கள் தலா 16.7 மில்லி விநாடியில் வந்து, 55-ஆவது பிரேம் மட்டும் 100 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் சராசரி 55 என்றே காட்டும். ஆடுபவர் கையில் அது ஒரு வெட்டு. சராசரியைப் பார்க்காதீர்கள், மிக மெதுவான 1 சதவீதப் பிரேம்களின் வேகத்தைத் தனியாகத் தரும் மதிப்பீடுகளைத் தேடுங்கள். அவற்றிலும் சில, நினைவகம் நிரம்புவதற்கு முன்பே முடிந்துவிடும் குறுகிய காட்சியை அளந்து நிறுத்திவிடுகின்றன.

செப்டம்பர் 9

12 ஜிபி ஒன்று இடையில் இருந்திருந்தால் எளிதாக முடிவெடுத்திருப்பேன் என்று இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார். அது ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொண்டால் பெட்டியின் மேல் இருக்கும் விவரங்களைப் பாதி படித்துவிட்டதற்குச் சமம்.

ஒவ்வொரு நினைவகச் சில்லும் 32 பிட் அகலமுள்ள பாதையை எடுத்துக்கொள்கிறது. இந்த வகைக் கார்டுகளில் பொருத்தப்படும் சில்லுகளின் கொள்ளளவு 2 ஜிபி. 128 பிட் பாதை கொண்ட சிப்பில் நான்கு சில்லுகள், ஆக 8 ஜிபி. அதே சிப்புக்கு 16 ஜிபி வேண்டுமென்றால் ஒரு பாதைக்கு இரண்டு சில்லுகளாகப் பலகையின் முன்புறமும் பின்புறமும் பொருத்துகிறார்கள். கொள்ளளவு இரட்டிப்பாகிறது, வேகம் அப்படியே இருக்கிறது. 12 ஜிபி வருவதற்கு 192 பிட் பாதை வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி-யும் இன்டெல் ஆர்க் பி580-யும் அப்படிப்பட்டவை.

இதனால்தான் பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. ஆர்டிஎக்ஸ் 3060 என்ற அதே பெயரில் பின்னர் 8 ஜிபி வடிவம் ஒன்று வந்தது. அதில் பாதை 128 பிட்டாகச் சுருங்கி, விநாடிக்கு 360 ஜிபி என்றிருந்த வேகம் 240-ஆகக் குறைந்தது. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060-இன் 3 ஜிபி வடிவத்தில் நினைவகம் மட்டும் குறையவில்லை. 1280 கோர்கள் இருந்த இடத்தில் 1152 தான் இருந்தன. ஜிடி 1030-இன் டிடிஆர்4 வடிவத்தில் நினைவக வேகம் மூலக் கார்டின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் 12 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வெவ்வேறு சிப்களை அறிவித்த என்விடியா, கடுமையான எதிர்ப்பு எழுந்த பிறகு 12 ஜிபி வடிவத்தைத் திரும்பப் பெற்றது. இவை எல்லாவற்றையும் பார்த்தால், 5060 டிஐ-யில் சிப் மாறாமல் இருப்பதே ஒரு நல்ல விஷயம்தான். ஆனால் "டிஐ" இல்லாத 5060 வேறு கார்டு என்பதையும், அதில் 8 ஜிபி மட்டுமே உண்டு என்பதையும் வாங்கும்போது மறந்துவிடக் கூடாது.

செப்டம்பர் 12

முதல் குறிப்பில் 16 ஜிபி என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். அதற்கு ஒரு வரம்பு போட வேண்டும்.

நீங்கள் ஆடுவது கவுன்டர் ஸ்டிரைக் 2, வேலரன்ட் போன்ற போட்டி விளையாட்டுகள் மட்டுமே என்றால் 8 ஜிபி தாராளம். அவற்றில் அமைப்புகளைக் குறைத்து வைத்து பிரேம்களை ஏற்றுவதே வழக்கம். அங்கே முதலில் மூச்சு வாங்குவது பிராசஸர்தான். பெரிய கதை விளையாட்டுகளை வெளியான ஆண்டிலேயே ஆட விரும்புபவருக்கு நிலைமை வேறு. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் பிராசஸரும் கிராபிக்ஸும் பகிர்ந்துகொள்ளும் 16 ஜிபி நினைவகம் இருக்கிறது. அதற்கு முந்தைய தலைமுறைக் கருவிகளுக்கும் சேர்த்து உருவாக்கும் வழக்கம் குறைந்த பிறகு, விளையாட்டுகளின் பசி அந்த 16 ஜிபி-யை அளவுகோலாக வைத்தே வளர்கிறது. அதன்மேல் கணினியில் விண்டோஸ், பிரௌசர், இரண்டாவது மானிட்டர் ஆகியவை சில நூறு எம்பி-யைத் தனியே எடுத்துக்கொள்கின்றன. 8 என்று எழுதியிருந்தாலும் விளையாட்டுக்குக் கிடைப்பது முழு 8 அல்ல.

இன்னொன்று. 16 ஜிபி கார்டுக்காக ராமை ஒரே ஒரு குச்சியாகக் குறைப்பதோ, தரமற்ற பவர் சப்ளை வாங்குவதோ கூடாது. ராம் இரண்டு குச்சிகளாக, இரண்டு சேனல்களில் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 14

1440பி இந்த வகைக் கார்டுக்கு அதிகம், 1080பி-யோடு நின்றுகொள்ளலாம் என்று ஒருவர் சொல்கிறார். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது சரிதான், ஆனால் இங்கே கணக்கு மாறிவிட்டது.

1080பி என்றால் ஒரு பிரேமுக்கு 20,73,600 புள்ளிகள். 1440பி என்றால் 36,86,400. 4கே என்றால் 82,94,400. நேரடியாக வரைந்தால் 1440பி-யில் வேலை ஏறத்தாழ 1.8 மடங்கு. ஆனால் சிறிதாக வரைந்த படத்தைத் திரை அளவுக்குப் பெரிதாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் அல்லது ஏஎம்டி-யின் எஃப்எஸ்ஆர் 4-ஐ "குவாலிட்டி" நிலையில் வைத்தால் கார்டு உள்ளே வரைவது அகலத்திலும் உயரத்திலும் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறக்குறைய 1707-க்கு 960. இது 1080பி-யை விடக் குறைவு. பெரிதாக்கும் வேலைக்கு ஆகும் சிறு நேரத்தைச் சேர்த்தாலும் சுமை 1080பி-க்கு அருகில்தான் நிற்கும். இன்றைய டிஎல்எஸ்எஸ் 1440பி திரையில் தரும் படம், 1080பி திரையில் நேரடியாக வரைந்த படத்தை விட எனக்கு எப்போதும் தெளிவாகவே தெரிகிறது. கம்பி வேலி, மின்கம்பி, தொலைவில் உள்ள இலைகள் ஆகியவற்றைப் பார்த்தால் சட்டென்று புரியும்.

ஆனால் வரையும் புள்ளிகள் குறைந்ததால் நினைவகமும் அதே விகிதத்தில் குறையும் என்று எண்ண வேண்டாம். டெக்ஸ்சர்கள் உள்ளே வரையும் அளவை வைத்து அல்லாமல், திரையில் வெளிவரும் அளவை வைத்தே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இதனால் 1440பி மானிட்டர் வைத்திருப்பவருக்கு 16 ஜிபி-யின் தேவை இன்னும் கூடுகிறது.

செப்டம்பர் 15

165 ஹெர்ட்ஸை எட்ட பிரேம் ஜெனரேஷன் போதுமா என்ற கேள்வி. இரண்டு உண்மையான பிரேம்களுக்கு நடுவே கற்பனையாக ஒன்றோ, மல்டி பிரேம் ஜெனரேஷனில் பலவற்றையோ செருகுவதுதான் அதன் வேலை. நடுவில் செருகுவதற்கு அடுத்த பிரேம் கையில் இருந்தாக வேண்டும். ஆகவே ஒன்றைச் சற்று நிறுத்திவைத்துத்தான் காட்டுகிறது. அடிப்படை வேகம் 60-க்கு மேல் இருந்தால் அந்தத் தாமதம் உறுத்தாது, அசைவு நன்றாக வழுவழுப்பாகும். 30-இலிருந்து ஏற்றினால் கண்ணுக்கு 60, கைக்கு 30-ஐ விட மோசம். இந்த வசதியும் நினைவகத்தில் தனியாக இடம் கேட்கிறது என்பதால், நிரம்பி வழியும் 8 ஜிபி கார்டில் இதைப் போடுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகும்.

விளம்பரத்தில் வரும் "முந்தைய தலைமுறையை விட இரு மடங்கு" என்ற வகை வரைபடங்களின் அடியில் சிறிய எழுத்தில் பிரேம் ஜெனரேஷன் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வரைபடத்தை ஒதுக்கிவிடலாம்.

செப்டம்பர் 18

5060 டிஐ 16 ஜிபி, 9060 எக்ஸ்டி 16 ஜிபி இவற்றில் எது என்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

சாதாரண வரைதலில் இரண்டும் அருகருகே நிற்கின்றன. விளையாட்டுக்கு விளையாட்டு முன்பின் மாறும். ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டு வரைவது) மிகுந்த விளையாட்டுகளில் 5060 டிஐ முந்துகிறது. டிஎல்எஸ்எஸ் ஆதரிக்கும் விளையாட்டுகளின் எண்ணிக்கையும் எஃப்எஸ்ஆர் 4-ஐ ஆதரிப்பவற்றை விட அதிகம். ஆனால் படத்தின் தரத்தில் எஃப்எஸ்ஆர் 4 தன் முந்தைய வடிவங்களை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டது. 9060 எக்ஸ்டி-க்கு 16 லேன்கள் முழுமையாக உண்டு என்பது பழைய போர்டு வைத்திருப்பவர்களுக்கு முக்கியம், உங்களுக்கு அவ்வளவாக இல்லை.

ரே டிரேசிங்கை வெறும் அலங்காரம் என்று இனித் தள்ள முடியாது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், 2025 மேயில் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் இரண்டும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் ஓடா. நம் பட்டியலில் உள்ள எல்லாக் கார்டுகளிலும் அந்த வன்பொருள் உண்டு என்பதால் கேள்வி அளவைப் பற்றியது மட்டுமே.

என் முடிவு: விலை வேறுபாடு சிறிதாக இருந்தால் 5060 டிஐ 16 ஜிபி. வேறுபாடு கணிசமாக இருந்தால் தயங்காமல் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. போட்டி விளையாட்டுகளை மட்டும் ஆடுபவரைத் தவிர, எந்த நிறுவனமானாலும் 8 ஜிபி வேண்டாம். 9060 எக்ஸ்டி-யும் அதே பெயரில் 8 ஜிபி-யாகக் கிடைக்கிறது. பெட்டியின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வாங்காதீர்கள்.

செப்டம்பர் 20

பி450 போர்டை வைத்துக்கொண்டு கார்டை மட்டும் மாற்ற நினைக்கும் வாசகருக்கு: அந்த போர்டின் ஸ்லாட் மூன்றாம் தலைமுறை. அதில் 8 லேன் கார்டுக்குக் கிடைப்பது விநாடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி. நினைவகம் நிரம்பாதவரை இழப்பு சிறிது, நிரம்பினால் பெரிது. உங்களுக்கு 9060 எக்ஸ்டி 16 ஜிபி பொருத்தம். ஆர்க் பி580-ஐ எடுப்பதாக இருந்தால் பயோஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்பில்) ரீசைசபிள் பார், அதாவது கார்டின் முழு நினைவகத்தையும் பிராசஸர் ஒரே தடவையில் அணுகும் வசதி, இயங்குகிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். அது இல்லாமல் அந்தக் கார்டு பாதி வழியில் நொண்டும்.

செப்டம்பர் 23

பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3080 10 ஜிபி மலிவாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விநாடிக்கு 760 ஜிபி வேகமுள்ள நினைவகம், வலுவான சிப். சிப்பை மட்டும் பார்த்தால் ஆசை வருவது இயல்பு. ஆனால் 320 வாட் எடுக்கும், அறையைச் சூடாக்கும், நினைவகம் 10 ஜிபி-யில் நின்றுவிடும். 2020-இல் வந்த அந்தக் கார்டுகளில் பல, எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங் முறையை (கார்டுகளைக் கணக்குப் போடவைத்து நாணயம் ஈட்டுவதை) கைவிடும்வரை இரவும் பகலும் அந்த வேலையில் ஓடியவை. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே சிப் கெட்டுவிடாது. விசிறிகளும், நினைவகத்தின் மேல் ஒட்டிய வெப்பத் திண்டுகளும் தேய்ந்திருக்கும். விற்பவர் உங்கள் கண் முன்னே அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிக்காட்டினால், நினைவக வெப்பநிலையையும் காட்டினால், அப்போது யோசிக்கலாம். புதுக் கணினிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகளை இப்போது எந்த விலையிலும் வாங்காதீர்கள். 2016-இல் வந்த அந்த வரிசைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிடும் என்று என்விடியா அறிவித்தது. அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே.

செப்டம்பர் 27

பவர் சப்ளை. 5060 டிஐ 180 வாட், 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 வாட். ரைசன் 7600 உச்சத்தில் 90 வாட்டை ஒட்டி எடுக்கும். போர்டு, ராம், விசிறி, எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்தாலும் 350 வாட்டுக்குள் நிற்கும். நல்ல தரமுள்ள 550 வாட் போதும். 850 வாட் வாங்கச் சொல்பவர்கள் வேறு கார்டை மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது 16 பின் இணைப்பு உருகிய செய்திகளைப் படித்துவிட்டு அஞ்சுகிறீர்கள். உங்கள் பட்டியலில் உள்ள கார்டுகள் பெரும்பாலும் ஒரே ஒரு 8 பின் இணைப்போடு வருகின்றன. அந்த இணைப்பு 150 வாட்டும் ஸ்லாட் 75 வாட்டும் தரும். ஆக 225 வாட் வரை இடமிருக்கிறது. எந்த இணைப்பானாலும் "கிளிக்" என்று பூட்டுவதைக் கையில் உணரும்வரை அழுத்துங்கள், பிறகு விளக்கைப் பிடித்து இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். கார்டின் நீளத்தை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாமல், கேபிள் வளைவதற்குக் கேஸின் பக்கக் கண்ணாடி வரை இடமிருக்கிறதா என்பதையும் அளக்க வேண்டும்.

அக்டோபர் 4

5060 டிஐ 16 ஜிபி வாங்கிப் பொருத்திவிட்டதாகவும், பிரேம் எண்ணிக்கை எதிர்பார்த்ததற்குப் பக்கத்திலேயே வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கார்டைக் குறை சொல்வதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டின் வாயில் செருகப்பட்டிருக்கிறதா? ரைசன் 7600-க்குள்ளேயே ஒரு சிறு கிராபிக்ஸ் இருப்பதால் படம் வந்துவிடும், கார்டு சும்மா இருக்கும். விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் என்று நிற்கிறதா? பயோஸில் ராமை முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ அமைப்பு இயக்கப்படாமல் ராம் தன் பெட்டியில் எழுதிய வேகத்துக்குக் கீழே ஓடுகிறதா?

இவை எல்லாம் சரி என்றால் ரெசல்யூஷனை 1080பி-க்கு இறக்கிப் பாருங்கள். பிரேம்கள் ஏறாவிட்டால் தடை பிராசஸரில் இருக்கிறது.

அக்டோபர் 5

கேபிள்தான் என்று தெரிந்தது மகிழ்ச்சி. இப்போது கேட்கும் அந்த மெல்லிய கீச்சொலி, விளையாட்டின் தொடக்க மெனுவில் மட்டும் வருவதாகச் சொல்வதால், அது காயில்களின் அதிர்வாக இருக்கும். மெனுவில் வரைய ஒன்றும் இல்லாததால் கார்டு விநாடிக்குப் பல நூறு பிரேம்களை வீணாகத் தள்ளிக்கொண்டிருக்கும். டிரைவர் அமைப்பில் உச்ச வரம்பை 160 என்று வையுங்கள். 165-க்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் மானிட்டரின் மாறும் ரெஃப்ரெஷ் ரேட்டும் தன் எல்லைக்குள்ளேயே இருக்கும். மெனுவில் ஒலி அடங்கி, ஆட்டத்தின் நடுவே பலமாகத் திரும்ப வந்தால் அதைப் பதிவு செய்துகொண்டு, மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.